முக்காலின் இடது கன்னம்

ஜூன் 16, ஞாயிறு

இந்த டைரி உண்மையில் எனக்கு வந்ததல்ல, குதிரைகளுக்கு வந்தது. மருந்துக் கம்பெனி ஒன்று கால்நடை டாக்டருக்குக் கொடுத்து, டாக்டர் அப்பாவுக்குக் கொடுத்து, அப்பா "கையெழுத்துப் போட எனக்கு ஒரு பக்கம் போதும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'குடற்புழு நீக்கம், குதிரைக்கு ஊக்கம்' என்று அச்சடித்திருக்கிறது. ஜனவரி முதல் மே வரை பக்கங்கள் காலி. ஐந்து மாதம் எனக்குப் புழு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் ரோஸ்லின். பதினொன்றாம் வகுப்பு. ஊர் கொடைக்கானல். அப்பா சூசைராஜ் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விடுகிறவர், சங்கத்து பேட்ஜ் எண் 47. அம்மா ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிறாள். பதினெட்டு முடிந்ததும் எனக்கும் பேட்ஜ் வேண்டும் என்று சங்கத் தலைவர் காஜா மைதீன் மாமாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். "பொம்பளப் புள்ளைக்கு இதுவரைக்கும் குடுத்ததில்லையேம்மா" என்றார். "47-ஏன்னு போட்டுக் குடுங்க மாமா, டவுன் பஸ் மாதிரி" என்றேன். சிரித்தார். சிரித்தால் பாதி சம்மதம்.

மீதிப் பாதி ஏன் வரவில்லை என்றால், மே மாத சீசனில் அவருடைய வெள்ளைக் குதிரைக்கு ஷூ பாலிஷால் கோடு போட்டு 'வரிக்குதிரை சவாரி' என்று அட்டை மாட்டியது நான்தான். சங்கத்துப் பலகையில் 'செவ்வாய் முதல் குதிரைகளுக்கு வார விடுமுறை' என்று எழுதியதும் நான்தான். பதினோரு பேர் அதை நம்பி வீட்டில் படுத்துவிட்டார்கள். அதிலிருந்து நான் மழை பெய்கிறது என்று சொன்னாலும், வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

முக்கியமானவனை இன்னும் சொல்லவில்லை. முக்கால். ஆண் குட்டி, இரண்டு வயது ஆகப்போகிறது. தாய் இந்த மலையில் பிறந்த மட்டக்குதிரை. தகப்பன் கீழ்நாட்டில் ஒரு கத்தியவார்ப் பொலிகுதிரை. கத்தியவாருக்குக் காது இரண்டும் மேலே வளைந்து ஒன்றையொன்று முட்டும். இவனுக்கு வளைகிறது, முட்டவில்லை. கைகுலுக்க வந்து மனம் மாறியதுபோல நிற்கிறது. உயரத்தில் தகப்பனின் முக்கால். அதனால் பெயர் வைத்தேன். நொண்டிக் குதிரைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

கொள்ளு ஊறவைத்தேன். சாணி அள்ளினேன். வேதியியல் படித்தேன். மூன்றும் ஒரே மணம்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று டாக்டர் வந்தார். முக்காலின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "வெத ரெண்டும் எறங்கியிருச்சு சூசை. என்ன முடிவு பண்ணியிருக்க?" என்றார்.

முடிவு என்பது இதுதான். சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. பெட்டைக் குதிரைகள் சுற்றுலாக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு நிற்கும் இடத்தில் காயடிக்காத ஆண் குதிரை நிற்கக் கூடாது. அதனால் முக்காலுக்கு இரண்டே வழி. காயடித்தால் இங்கேயே இருப்பான், ஏரியைச் சுற்றுவான், எங்களோடு கிழவனாவான். காயடிக்காமல் பொலிகுதிரையாக விட்டால் கீழ்நாட்டுக்கு, ஏதாவது பண்ணைக்குப் போய்விடுவான்.

அப்பாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். மட்டத்தின் காலும் கத்தியவாரின் உயரமும் ஒரே குதிரையில் வரவேண்டும் என்று ஒன்பது வருடம் அலைந்தவர். எங்கள் மட்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மூன்று முறை மலை இறங்கினார். இரண்டு முறை சினை பிடிக்கவில்லை. மூன்றாவது முறை முக்கால். போன மார்கழியில் வயிற்றுநோவு வந்து தாய் போய்விட்டது. இனி அந்தக் கால் இந்த ஒருவனிடம்தான் இருக்கிறது. "இவனை அறுத்துட்டா என் ஒம்பது வருசத்தையும் அறுத்த மாதிரி" என்றார் அப்பா.

அம்மா சொன்னாள்: "கண்ணு முன்னாடி இருந்தா ஒரு வருமானம்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது வழி சொல்லியிருப்பேன்: எதுவும் செய்யாமல் இப்படியே இருக்கட்டும்.

அப்பா அவனுக்கென்று புதிதாக ஒரு கொட்டகை கட்டியிருக்கிறார். கதவு முழுக்கப் பலகையும் கயிறும். எங்கள் வீட்டுக் கதவு காற்றுக்கு ஆடும். அவன் கதவு ஆடாது.

ஜூன் 29, சனி

முக்கால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடிவிட்டான். அங்கே சங்கத்துச் செல்வத்தண்ணனின் பெட்டை, மேலே ஒரு மதுரைக்காரப் பையன். இவன் பின்னாலிருந்து முன்காலைத் தூக்கிவிட்டான். பையனை அண்ணன் தூக்கிக்கொண்டார். பையனின் அம்மா போட்ட சத்தத்தில் படகுகள் நின்றுவிட்டன. நான் "காதல் கடிதம் நேரில் கொடுக்க வந்திருக்கான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

காஜா மாமா அப்பாவிடம் வந்து, "சூசை, ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக் கூட்டத்துக்கு முந்தி ஒண்ணு அறு, இல்ல கீழ அனுப்பு. புள்ளைக உக்கார்ற எடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

ஜூலை 3, புதன்

உடுமலைப் பக்கத்திலிருந்து திருமலைச்சாமி என்று ஒரு பண்ணைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். போட்டோ பார்த்தே பிடித்துவிட்டதாம். முக்காலைப் பொலிகுதிரையாக வைத்துக்கொள்வார். அவனுக்குப் பிறக்கும் முதல் பெட்டைக் குட்டியை அப்பாவுக்குத் திருப்பிக் கொடுப்பார். அதுதான் பேச்சு.

அப்பா சீட்டி அடித்துக்கொண்டே லாடம் தட்டுகிறார். அவர் சீட்டி அடித்து நான் கேட்டது இரண்டாவது முறை. முதல் முறை முக்கால் பிறந்தபோது.

எனக்கும் மகிழ்ச்சிதான். எனக்கும் மகிழ்ச்சிதான். மூன்று முறை எழுதினால் உண்மையாகிவிடும் என்று பார்த்தேன், இரண்டோடு கை வலிக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

பண்ணைக்காரரோடு சுழி பார்க்கிறவர் ஒருவரும் வருகிறாராம். குதிரை மேல் முடி சுழித்திருக்கும் இடங்களை வைத்து நல்லது கெட்டது சொல்வார்கள். அது சரியில்லை என்றால் எப்படிப்பட்ட குதிரையையும் தொடமாட்டார்கள். "எத்தனை சுழிப்பா உண்டு?" என்று கேட்டேன். அப்பாவுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். முக்காலின் மேல் என் விரலைப் பிடித்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நெற்றி நடுவில் ஒன்று, கழுத்தில் இரண்டு. எல்லாம் நல்லவை.

"இருக்கதுலயே மோசமானது எதுப்பா?"

"கண்ணீர்ச்சுழி. கண்ணுக்குக் கீழ, கண்ணீர் வழியுற எடத்துல. அது இருந்தா வச்சிருக்கவன் வீடு அழும்னு சொல்லுவாங்க. ஓசியாக் குடுத்தாலும் வாங்கமாட்டாக."

எனக்குத் தலையில் இரட்டைச் சுழி. கணக்குப் பரீட்சையில் இன்னொரு சுழியம். என்னை எந்தப் பண்ணையும் கேட்கவில்லை.

ஜூலை 6, சனி

உயிரியல் செயல்திட்டத்துக்காக மரம் ஒட்டுகிற பசை ஒரு டப்பா வாங்கினேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் பூசைக்குப் போகவில்லை. வயிற்றுவலி. அப்பாவும் அம்மாவும் போயிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. செயல்திட்டம் செய்தேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். மூடுபனி, தூறல். அப்பா முக்காலை வெளியே கொண்டுவர விடாமல் நான் "நனைஞ்சா சளி பிடிக்கும்பா" என்றேன். கொட்டகைக்குள்ளேயே பார்த்தார்கள். திருமலைச்சாமி பெரிய மீசைக்காரர், மரியாதையான மனுசர். முக்காலின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "காலு இரும்பாட்ட இருக்குதுங்க. இப்படியொரு காலு எங்க பக்கம் கெடையாது" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரிசு வாங்கப் போகிற பிள்ளைபோல.

சுழி பார்க்கிற மயில்சாமி கழுத்து, மார்பு, நெற்றி என்று விரலால் படித்துக்கொண்டே வந்தார். இடது கண்ணுக்குக் கீழே விரல் நின்றது. டார்ச் அடித்தார். திரும்பி முதலாளியைப் பார்த்தார். திருமலைச்சாமி தானே வந்து குனிந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"வேணாமுங்க" என்றார். "குட்டி மேல கொறையில்லீங்க. எங்கூட்ல ஏற்கனவே ஒரு சாவு உழுந்திருக்குது. வேணாமுங்க."

அப்பா டார்ச்சை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "தெனம் நாந்தான் தொடைக்கிறேன்" என்றார். "தெனம் நாந்தான்..."

போட்ட காபி அப்படியே இருந்தது. யாரும் குடிக்கவில்லை.

முக்கால் போகவில்லை. அதுதான் முக்கியம்.

ஜூலை 8, திங்கள்

அப்பா வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். அவர் சவாரி முடித்து வருவதற்குள் முக்காலைக் குளிப்பாட்டிவிட்டேன். வெந்நீர், பிறகு மண்ணெண்ணெய். காய்ந்தது எதுவும் தனியாக வராது, பிடித்துக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொண்டுதான் வரும் என்று கற்றுக்கொண்டேன்.

இடது கண்ணுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி இல்லை. தோல் சிவந்து கசிகிறது. அப்பா வந்து பார்த்தபோது, "கதவு ஆணியில தேச்சுக்கிட்டான்பா" என்றேன்.

அப்பா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

ஜூலை 11, வியாழன்

புண் ஆறுகிறது. முடி வளர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நேராக வளரும். சுழியே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குள் ஆகஸ்டு போய்விடும், வேறு ஏதாவது வழி வரும். என்ன வழி என்று கேட்காதே டைரி, உனக்கு வேலை புழு நீக்குவது மட்டும்தான்.

ஜூலை 14, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் திருமலைச்சாமி மயில்சாமியோடு திரும்பி வந்தார். அந்தக் காலை மறக்க முடியவில்லையாம். தூக்கமே வரவில்லையாம். வேறு சுழி பார்ப்பவர் ஒருவரையும் கேட்டாராம், கழுத்துச் சுழி நல்லதாக இருந்தால் கண்ணீர்ச்சுழிக்குப் பரிகாரம் உண்டு என்று சொன்னாராம். இன்னொரு முறை பார்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருக்கிறார்.

வந்து பார்த்தால், சுழி இருந்த இடத்தில் மொட்டைத் தோல்.

மயில்சாமிதான் சொன்னார்: "சுட்டுப்போட்டாங்க, முதலாளி."

கெட்ட சுழி இருந்தால் கம்பி காய்ச்சி அந்த இடத்தைச் சுட்டுவிட்டு, காயம் என்று சொல்லி அடுத்த ஆளிடம் விற்கிறவர்கள் உண்டாம். குதிரை வியாபாரத்தில் அதைவிடக் கேவலம் கிடையாதாம். எனக்குத் தெரியாது. அப்பா எனக்குச் சுழிகளைத்தான் சொல்லிக் கொடுத்தார், சுடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவில்லை.

"இருந்தா இருக்குதுன்னு சொல்லி வித்திருக்கலாமுங்க" என்றார் திருமலைச்சாமி. கோபம்கூட இல்லை அவர் குரலில். "ஆசப்பட்டு ரெண்டு வாட்டி மலையேறி வந்தனுங்க. உங்கள நல்ல மனுசன்னு நெனச்சனுங்க."

அப்பா, "நான் சுடலைங்க. ஆணி குத்துச்சுங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்தது நான் சொன்ன பொய் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அப்போது உறைக்கவில்லை. அப்போது நான் ஈரச் சாணியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, புதன்

காஜா மாமாவுக்கு உடுமலையிலிருந்து போன் வந்திருக்கிறது. கொடைக்கானல் குதிரையை இனி யாரும் நம்பி வாங்கவேண்டாம் என்று கீழே பேச்சாம். செல்வத்தண்ணன் தன் பெட்டையின் குட்டியை ஒரு பழனிக்காரருக்குப் பேசி வைத்திருந்தார். அவரும் பின்வாங்கிவிட்டார்.

செல்வத்தண்ணன் என்னைப் பார்த்தால் "என்ன டவுன் பஸ்ஸு" என்று கூப்பிடுவார். இன்று கூப்பிடவில்லை.

ஜூலை 20, சனி

அப்பா சவாரிக்குப் போனால் அவருக்குப் பக்கத்தில் யாரும் குதிரை நிறுத்துவதில்லை. சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் ஏறிக்கொள்கிறார்கள். அம்மாவின் சோளம் விற்கிறது. முக்கால் தின்கிறான். எல்லாம் நடக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

சரி. எழுதிவிடுகிறேன்.

பசையை விரலில் தொட்டு, முடியைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டினேன். பென்சிலின் பின்பக்கத்தால் சுழற்றினேன். மூன்று முறை சரியாக வரவில்லை. நான்காவது முறை அச்சு அசல். எனக்கே பெருமையாக இருந்தது. பண்ணைக்காரர் வேண்டாம் என்று போய்விடுவார், சாயங்காலம் கழுவிவிடலாம், அப்பா கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார், முக்கால் இங்கேயே இருப்பான். இவ்வளவுதான் யோசித்தேன். இங்கேயே இருக்க வேண்டுமென்றால் அவனை அறுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை யோசிக்காமல் இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் வகுப்பு எடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை சங்கம் கூடுகிறது. சொல்லப் போகிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

கூட்டம் குறைவான நாள் என்பதால் செவ்வாய். படகுத்துறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் பள்ளிக்கூடச் சீருடையோடு கடைசியில் நின்றேன்.

காஜா மாமா நிதானமாகத்தான் பேசினார். "சூசை, இருவத்திரெண்டு வருசமா ஒன்னைய எனக்குத் தெரியும். நீ செஞ்சியா செய்யலையா, அத மட்டும் சொல்லு."

"முடி வளரட்டும்ண்ணே" என்றார் அப்பா. "ரெண்டு மாசம் குடுங்க. சுட்ட எடத்துல முடி வராது. வந்துச்சுன்னா நான் சுடல. நேரா வந்துச்சுன்னா சுழியும் இல்ல."

"ரெண்டு பேரு டார்ச் அடிச்சுச் சுழியப் பாத்துருக்காக. இல்லாத சுழி எங்கருந்துய்யா வந்துச்சு?" என்றார் செல்வத்தண்ணன். "எங்குட்டி வெலை போகல. அதுக்குப் பதில் சொல்லு."

அப்போது நான் முன்னால் போனேன்.

"நாந்தான் மாமா செஞ்சேன். பசை போட்டு ஒட்டுனேன். முக்கால் போயிரக் கூடாதுன்னு. கழுவுறப்ப முடி பிஞ்சு வந்துருச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பின்னாலிருந்து யாரோ, "நாளைக்கு வரிக்குதிரையும் வருமா?" என்றார்கள். சிரிப்பு தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. நான் வாழ்க்கையில் இத்தனை பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைத்ததில்லை.

"மெய்யாலுமே மாமா. பசை டப்பா வீட்டுல இருக்கு, காட்டுறேன்."

காஜா மாமாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கைவைத்தார். "அப்பனுக்காகப் பழிய ஏத்துக்கிற பாத்தியா. ஒன்னைய மாதிரிப் புள்ள பெத்தவன் குடுத்து வச்சவன். போம்மா."

"மாமா, நான் பொய் சொல்லல."

செல்வத்தண்ணன் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசையா?" என்றார் மெதுவாக. "இது செய்யக்கூடிய ஆளுதான்ண்ணே. டப்பாவக் கொண்டாரச் சொல்லுங்க, பாப்போம்."

அப்பா எழுந்தார்.

"அவ சொல்றது பொய்" என்றார். "நாந்தான் சுட்டேன்."

அப்பா தன் கழுத்திலிருந்த பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சுழி இருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். கம்பி காய்ச்சிச் சுட்டேன். புள்ள விளையாட்டுக்குச் சொல்லுது."

தீர்ப்பு சீக்கிரம் முடிந்தது. தீபாவளி வரைக்கும் அப்பாவுக்கு பேட்ஜ் கிடையாது. கண்ணீர்ச்சுழிக் குதிரையை யார் தலையிலும் கட்டக்கூடாது என்பதால் உடனே காயடித்துவிட வேண்டும். இனி சங்கத்தில் யாரும் அப்பாவிடம் குட்டி வாங்கவும் விற்கவும் கூடாது.

வீட்டுக்கு ஏறிவரும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா முன்னால் நடந்தார். வளைவில் நின்றார்.

"கதவுல ஆணியே இல்ல, ரோசு" என்றார். "குதிரைக்குக் குத்திரும்னு ஒரு ஆணிகூட அடிக்கல. எல்லாம் கயிறு."

எட்டாம் தேதியே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் ஏன்ப்பா?"

"குதிரைக்குக் கெட்ட பேரு வந்தா அதுக்குத் தெரியாது" என்றார். பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மாவிடம் கேட்டேன். அவள் சோளத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "செல்வத்துக்கு நட்டம். ஒன்னாலதான்னு தெரிஞ்சா ஒனக்கு இந்த ஏரியில எவன் கயித்தக் கையில குடுப்பான்? எவன் பேட்ஜ் குடுப்பான்? அந்த மனுசன் அத நெனைச்சிட்டாரு. இனிமே நீ வாயத் தொறந்து அவரப் பொய்யனாக்காத."

பொய் சொன்னவரைப் பொய்யர் ஆக்கக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எனக்குத்தான் எடுக்க வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை ஏழு மணி. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, "இந்தக் காலுக்கு இன்னொரு குட்டி கெடைக்காது சூசை. நல்லா யோசிச்சியா?" என்றார்.

"யோசிச்சாச்சு சார்."

ஊசி போட்டதும் முக்கால் முன்காலை மடக்கி மெதுவாகச் சாய்ந்தான். தலை என் மடியில். கண்ணில் தூசி விழாமல் துண்டு போட்டு மூடினேன். என் உள்ளங்கை அந்த மொட்டை இடத்தின் மேலே இருந்தது. சொரசொரவென்று இருந்தது. முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வாளியில் இரண்டு முறை சத்தம் கேட்டது. ரணஜன்னி வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டார்கள். அப்பா பின்காலின் கயிற்றைப் பிடித்திருந்தார். முக்கால் பிறந்தபோது பனிக்குடத்தை உடைத்து இழுத்தெடுத்தவர், லாடம் அடிக்கும்போது ரத்தம் பார்த்தவர். இன்று ஏரிப் பக்கம் திரும்பி நின்றார்.

வாளியை டாக்டரின் ஆள் குழிக்குக் கொண்டுபோனான். அப்பா அந்த ஒன்பது வருடத்துக்கு மேலே மண்ணைத் தள்ளிவிட்டுக் கால் கழுவினார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வீக்கம். படுக்க விடக்கூடாது, நடத்த வேண்டும். காலை அரைமணி, மாலை அரைமணி. நான் நடத்துகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

வீக்கம் குறைகிறது. ஈ விரட்ட வேப்பெண்ணெய்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஏரியில் நல்ல கூட்டம். அப்பா வீட்டில் விறகு பிளந்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முக்கால் இப்போது பெட்டைகளைப் பார்த்தால் தலையைத் தூக்குவதில்லை. என்னைப் பார்த்தால் தூக்குகிறான்.

முடி நான்கு மில்லிமீட்டர். அடிக்கோலால் அளந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஐந்து மில்லிமீட்டர். நேராக, கீழ்நோக்கி. வேண்டுமானால் யாரும் வந்து பார்க்கலாம். சுட்ட இடத்தில் முடி வராது என்று அப்பாவே சங்கத்தில் சொன்னார். வந்துவிட்டது. பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்பா சுடவில்லை, சுழி இல்லை, நான் சொன்னதுதான் உண்மை. முக்காலுக்கு இனி அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அப்பா நிமிர்ந்து நடக்கலாம். காஜா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம் என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தேன். அப்பா கொட்டகையில் முகம் மழிக்கிற கத்தியோடு நின்றார். முக்காலின் இடது கன்னத்தில் சோப்பு நுரை. ஒரே இழுப்பு, இரண்டு இழுப்பு. துண்டால் துடைத்தார். பழையபடி மொட்டை. மேலே கொஞ்சம் விளக்குக்கரி தேய்த்தார். சுட்ட தழும்புபோலவே இருந்தது.

நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை.

"ஓணத்துக்குக் கேரளாக் கூட்டம் வரும்" என்றார். "இவன சவாரிக்கு விடுறாங்க. நாலு பேரு கன்னத்தப் பாப்பாங்க."

செப்டம்பர் 15, ஞாயிறு

முக்காலின் முதல் சவாரி. அப்பாவுக்கு பேட்ஜ் இல்லாததால் அவனைப் பிடித்துக்கொண்டு போனது செல்வத்தண்ணன். வருமானத்தில் பாதி அவருக்கு, குட்டி விலை போகாத நட்டத்துக்கு. அப்படித்தான் பேசி முடித்திருக்கிறார்கள். முதுகில் ஒரு சின்னப் பெண், மலையாளத்தில் ஏதோ பாடினாள். முக்கால் பிசகாமல் நடந்தான். மட்டத்தின் கால்.

காஜா மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்ற வருசம் இருக்கு. பதினெட்டு முடியட்டும், 47-ஏ போட்டுருவோம். அப்பன் செஞ்சதுக்குப் புள்ள என்ன பண்ணும்."

நான் தலையாட்டினேன். நகைச்சுவை எதுவும் வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

போன முறை அப்பா மழிக்கும்போது முக்காலின் கன்னத்தில் கீறல் விழுந்துவிட்டது. இன்று கத்தியையும் சோப்பையும் திண்டில் வைத்துவிட்டு, "இனிமே நீ பண்ணு" என்றார். கொட்டகைக் கதவின் கயிற்றை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

குளிர் வந்துவிட்டதால் முடி சீக்கிரம் வளர்கிறது. பத்து நாளிலேயே நேராக, பளபளப்பாக, மற்ற கன்னத்தைப்போலவே இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு போதாது, வாரம் ஒரு முறை வேண்டும். டைரியில் குறித்து வைக்கிறேன்: பதிமூன்று, இருபது, இருபத்தேழு.

நுரை போட்டேன். ஒரு கையால் அந்த முட்டாத காதைப் பிடித்துக்கொண்டேன். முக்கால் முகத்தை என் உள்ளங்கையில் சாய்த்து அசையாமல் நின்றான். நான் என்ன செய்தாலும் அப்படித்தான் நிற்பான். பசை போட்ட அன்றைக்கும் அப்படித்தான் நின்றான், நான்கு முறையும்.